காணி அவள் பெயரில். கையொப்பம் அவன் கையில்!

வடக்கிலும் கிழக்கிலும் இன்று எத்தனையோ இல்லங்களில் அடுப்பெரிவது பெண்ணின் தொழிலினால் என்பதை மறுப்பார் யாருமிலர். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போர் பல்லாயிரம் குடும்பங்களின் பாரத்தைப் பெண்களின் தோளிற் சுமத்திற்று. அவர்கள் இரந்து நிற்கவில்லை. இடியப்பம் அவித்தும், மிளகாய்த்தூள் இடித்தும், பனங்கட்டியும் ஒடியலும் விற்றும், ஆடை தைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்தனர். ஆயினும் அத்தொழில்களுட் பல வீட்டு முற்றத்தைத் தாண்டி வளரவில்லை. திறமை குறைவா? உழைப்புக் குறைவா? இரண்டுமல்ல, முதலே குறைவு.

இங்கேதான் ஒரு விந்தையைக் காண்கின்றோம். தேசவழமையின்படி சீதனக் காணி பெண்ணுக்கே உரியது. உறுதியும் அவள் பெயரிலேயே உள்ளது. ஆனால், 1911 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத் தமிழரின் விவாக உரிமை பற்றி இயற்றப்பட்ட சட்டம், மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டுமென விதித்தது. அவன் கைவிட்டுச் சென்றிருப்பின், அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அச்சம்மதத்துக்குப் பதிலான கட்டளையைப் பெறவேண்டியிருந்தது. கணவன் தன் முதுசக் காணியை ஈடு வைப்பதற்கோ மனைவியின் ஒப்பம் வேண்டப்படவில்லை. இதுவா நீதி?

ஈடு வைக்க இயலாத பெண்களின் படலையையும், ஈடு வைக்கக் காணியே இல்லாத பெண்களின் படலையையும் நுண்கடன் கொடுப்போர் தட்டினர். அவர்கள் உறுதி கேட்கவில்லை. வாரந்தோறும் தவணை கேட்டனர். ஒரு கடனை அடைக்க மற்றொரு கடன் பட்டோர் பலர். ஈற்றில், 2018 ஆம் ஆண்டில், வரட்சியால் வாடிய மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு நிவாரணமளிக்க அரசாங்கமே முன்வர நேர்ந்தது. கடனைத் தள்ளுவது நோய்க்கு மருந்தாகலாம், தொழிலுக்கு முதலாகாது.

வழி இல்லாமலில்லை. 1974 ஆம் ஆண்டில் இந்தியாவின் அகமதாபாத் நகரிலே, ஏறக்குறைய 4,000 ஏழைத் தொழிலாளப் பெண்கள் தலைக்கு 10 ரூபா பங்குப்பணம் செலுத்திச் சேவா கூட்டுறவு வங்கியை நிறுவினர். கூட்டுறவிலே ஊறிய எம் மக்களுக்கு இது ஆகாத காரியமன்று.

ஆகவே நாம் கோருவது இரக்கமன்று. 1911 இன் அவ்விதி ஏட்டிலும் வழக்கத்திலும் எஞ்சாதிருத்தல் வேண்டும். பெண்ணின் உறுதியை வங்கிகள் உறுதியாகவே மதித்தல் வேண்டும். கிராமந்தோறுமுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கங்கள் நியாய வட்டியில் அவளுக்கு முதல் கொடுத்தல் வேண்டும். சட்டமறிந்தோர் முதலாவதற்குக் குரல் கொடுக்கட்டும். சங்கங்களில் அங்கம் வகிக்கும் கமக்காரர் மூன்றாவதை அடுத்த பொதுக்கூட்டத்திலேயே பிரேரிக்கட்டும்.

சீதனமாகக் கொடுத்த காணியை அவளுக்கு முதலாகவும் கொடுப்போமாக!