அடக்கம் என்று சொல்லி அவளை மறப்பதோ?

திருகோணமலைத் தமிழ் மக்களே! ஒரு தரப்பின் சாட்சியத்தை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பளிக்கும் நீதிமன்றத்தை நீங்கள் ஏற்பீர்களா? ஏற்கமாட்டீர்கள். ஆயின், ஓட்டிசம் பற்றிய ஆராய்ச்சி எண்பது ஆண்டுகளாகப் பெரிதும் அவ்வாறே நடந்து வந்துள்ளது.

1943 இல் லியோ கனர் விவரித்த பதினொரு பிள்ளைகளுள் எண்மர் ஆண்கள், மூவரே பெண்கள். பின்னர் ஆண்பிள்ளைகளைக் கண்டு வகுத்த அளவுகோலாற் பெண்பிள்ளைகளையும் அளந்தனர். நான்கு ஆண்களுக்கு ஒரு பெண் என்று நெடுங்காலம் கூறப்பட்ட விகிதம், 2017 இல் பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கியபோது மூவருக்கு ஒருத்தியை அண்மியது. எங்கே ஒளிந்திருந்தனர் அப்பெண்கள்? அவர்கள் ஒளியவில்லை; உலகம் பார்க்கவில்லை!

2014 இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, ஓட்டிசமுள்ள பெண்களிடம் ஆண்களிடத்திலும் பாரிய மரபணு மாற்றங்கள் இருப்பதைக் கண்டது. பெண்ணுடலில் இயற்கைக் காப்பொன்று உண்டென்பது ஒரு விளக்கம். பாதிப்பு மிக்க பெண்களே வைத்தியர் கண்ணிற் படுகின்றனர் என்பதும் தள்ளத்தக்கதன்று. 2022 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் 773 பிள்ளைகளின் மூளைப் படங்களை ஆராய்ந்து ஆண் பெண் வேற்றுமைகளை எடுத்துக்காட்டினர். அவர்களுக்குக் கிடைத்த பெண்பிள்ளைகளோ 136 பேரே!

இனி நம் வீட்டுக்கு வருவோம். இலங்கையின் நகர்சார் பகுதியொன்றில் நடத்தி 2009 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. தம்பலகாமத்து வயலோரத்திலும் மூதூர்க் கரையிலும் அத்தகைய பெண்பிள்ளை இல்லையா? இருக்கின்றாள். "அடக்கமான பிள்ளை, வாய் திறவாள்" என்று அவளைப் புகழ்கின்றோம். தோழியரைப் பார்த்துப் பார்த்துப் பாவனை செய்து, களைத்து வீடு திரும்பும் அவள் துயரை யார் அறிவார்?

இன்றும் மூளைப் படத்தாலோ இரத்தப் பரிசோதனையாலோ ஓட்டிசத்தை நிர்ணயிப்பதில்லை. பிள்ளையின் நடத்தையையும் பேச்சையும் கூர்ந்து நோக்கியே நிர்ணயிக்கின்றனர். அப்பேச்சை எம்மொழியிற் கேட்பது? தமிழ்ப் பிள்ளையைத் தமிழிலன்றோ கேட்க வேண்டும்! அதற்காக ஏழைத் தாயொருத்தி 260 கிலோமீற்றர் கடந்து கொழும்புக்கு அலைய வேண்டுமா?

வலுவிழந்தோரைப் பாடசாலை அனுமதியிற் பாரபட்சமாக நடத்தலாகாதென 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. ஆனால், இனங்காணப்படாத பிள்ளைக்குச் சட்டம் எவ்வாறு துணைநிற்கும்?

ஆகவே, யாம் கேட்பது சலுகையன்று, உரிமை. பெண்பிள்ளைகளின் அறிகுறிகளையும் அறிந்த, தமிழிற் பேசிப் பரிசோதிக்கும் பயிற்சி பெற்றோரை இம்மாவட்டத்திலேயே அமர்த்துக! ஆசிரியர்க்கும் அப்பயிற்சியை அளித்திடுக! பெற்றோரே, மௌனமாயிருக்கும் மகளுக்காக நீங்கள் மௌனமாயிருத்தல் ஆகாது!