ட்ரெட்மில் வேண்டாம், கயிறு வாங்கித் தாருங்கள்!



வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவ அண்ணன்மார் சேர்ந்து பள்ளிக்கு ஒரு ட்ரெட்மில் வாங்கித் தரலாம் என்று இருக்கிறார்களாம். ஒரு வாரமாக வகுப்பில் இதே பேச்சுதான். அவர்களின் நல்ல மனதுக்கு நன்றி. ஆனால் அது நமக்குத் தோதுப்படாது என்பது என் கருத்து. முழுசும் படித்துவிட்டு அப்புறம் திட்டுங்கள்.

'கார்டியோ' என்று ஜிம்மில் சொல்வது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும் பயிற்சியை. ஓட்டம், சைக்கிள், நீச்சல், படி ஏறுவது எல்லாமே அதில் சேர்த்திதான். நாம் எந்த மெஷின் மேல் நிற்கிறோம் என்று இதயத்துக்குத் தெரியாது. எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். 220-இல் நம் வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு உத்தேசமாக வரும். 16 வயதுக்கு 204.

லீவில் அக்காவோடு தென்காசியில் ஒரு ஜிம்முக்குப் போனபோது எண்ணிப் பார்த்தேன். (நாடியை 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்க வேண்டும்.) சும்மா நிற்கும்போது 80. நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளில் 5 நிமிடம், 128. ட்ரெட்மில்லில் வேகமாக நடந்து 5 நிமிடம், 136. வீட்டுக்கு வந்து கயிறு குதித்தேன், மூணே நிமிடம், 168! மெஷினில் வேகத்தைக் கூட்டினால் அங்கேயும் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் கயிற்றில் மெதுவாகக் குதிக்க வழியே இல்லை, மெதுவாகச் சுற்றினால் காலில் மாட்டிக்கொள்ளும்.

ட்ரெட்மில்லின் பூர்வீகம் தெரியுமா? 1818-இல் வில்லியம் கியூபிட் என்ற இன்ஜினியர் இங்கிலாந்துச் சிறைக் கைதிகளுக்காகச் செய்த மிதிசக்கரம். கைதிகள் அதன் படிகளை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், மேலே போய்ச் சேரவே முடியாது. இப்போது அதற்கு மாதச் சந்தா கட்டுகிறோம்!

படி என்றதும் இன்னொன்று. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. நமக்குப் பக்கத்திலேயே பண்பொழி திருமலைக் கோயிலில் 500-க்கு மேல் படிகள் இருக்கின்றன. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டிக்குத்தான் வேலை. அதனால் மெதுவாக இறங்குங்கள். முட்டி வலிக்கிற பெரியவர்களுக்கு அந்த ஜிம் சைக்கிள்தான் நல்லது, உடம்புப் பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயம். பையன்கள் காலையில் பண்பொழி ரோட்டில் ஓடுகிறார்கள். அதே ரோட்டில் நான் ஓடினால் நாலு பேர் வண்டியை நிறுத்தி, "என்ன தாயி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார்கள். சாயங்காலம் மைதானத்தில் கிரிக்கெட். சாரல் சீசன் வந்துவிட்டால் அதுவும் கிடையாது. 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அந்த 60 நிமிடம் எங்கே? பொண்ணுகளுக்கு நாலு சுவருக்குள் ஓட ட்ரெட்மில் நல்லதுதானே என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான், ஒரு வீட்டில் ஒருத்தி ஓடுவதாக இருந்தால். இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்: பி.டி. பீரியட் 40 நிமிடம், வகுப்பில் 40 பேர், மெஷின் ஒன்று. ஆளுக்கு ஒரு நிமிடம்! அதிலும் கரண்ட் போனால் போச்சு. பெல்ட்டுக்கு ஆயில் போட ஆள் வேண்டும்.

கயிறு என்றால் வராண்டாவிலேயே 40 பேரும் ஒரே நேரத்தில் குதிக்கலாம். ஆகும் செலவு மெஷின் விலையில் ஒரு மூலைக்குக் காணாது.

அண்ணன்மாருக்கு எழுதும்போது, கயிறு எல்லாம் ஒரே அளவில் வேண்டாம் என்று எழுதச் சொல்லுங்கள். கயிற்றின் நடுவில் கால் வைத்து நின்றால் இரண்டு கைப்பிடியும் அக்குள் வரை வர வேண்டும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சின்னது தனியாக வேண்டும். வந்ததும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். அரைப்பரீட்சைக்கு அப்புறம் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் சந்தோஷம்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி