வலி என்னும் காவற்காரன்

ஏற்காட்டில் விளைகிற இரண்டு சரக்குகள் நம் அடுக்களைக்குப் புதியவை அல்ல. ஒன்று காப்பி, மற்றது மிளகு. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களைக் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி ஏறியிருப்பதைப் பார்க்கலாம்.

அந்தக் காப்பியைக் கொதிக்கக் கொதிக்க வாயில் விட்டால் நாக்கு எரிகிறது. அந்த மிளகைக் கடித்தாலும் எரிகிறது. காப்பியில் சூடு இருக்கிறது, சரி. மிளகில் நெருப்பு ஏது? உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஜில்லென்றல்லவா இருக்கிறது!

சங்கதி இதுதான். நாக்கில் உள்ள நரம்புகளின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கின்றன. சுமார் 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு பட்டால் அவற்றில் ஒரு வகைக் கதவு திறந்துகொள்ளும். மிளகாயின் காரச் சத்தும், மிளகின் காரச் சத்தும் அதே கதவைத் திறந்துவிடுகின்றன. மூளைக்கு வந்து சேரும் செய்தி ஒன்றேதான்: "சுடுகிறது!" இந்தக் கதவைக் கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸ், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கதவு திறந்ததும் என்ன நடக்கிறது? அங்கேதான் மின்சாரம் வருகிறது. நரம்பு இழையின் உள்ளே பொட்டாசியம் அதிகம். வெளியே சோடியம் அதிகம். சோடியம் என்றதும் மிரள வேண்டாம். நம் உப்பு ஜாடியில் இருப்பதுதான். நரம்பு சும்மா இருக்கும்போது வெளிப்புறத்தைவிட உட்புறம் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும். டார்ச் விளக்குக்குப் போடும் 1.5 வோல்ட் பாட்டரியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தூண்டுதல் போதிய அளவு வந்ததும் சோடியம் உள்ளே பாய்கிறது; மின்னழுத்தம் தலைகீழாகிறது. இத்தனையும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்குக்குள்! ஓர் இடத்தில் நடந்தது அடுத்த இடத்துக் கதவைத் திறக்கிறது; அது அதற்கடுத்ததை.

தீபாவளிச் சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வெடி வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிறது. கடைசி வெடியும் முதல் வெடியின் சத்தத்தோடேயே வெடிக்கிறது. வித்தியாசம் ஒன்று. சரம் வெடித்தால் காகிதக் குப்பைதான் மிச்சம். நரம்போ மறுகணமே அடுத்த வெடிக்குத் தயாராகிவிடுகிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியே இறைத்துக்கொட்ட, அதன் சுவரில் ஓயாமல் வேலை செய்யும் 'பம்பு'கள் இருக்கின்றன. கணவாயின் தடித்த நரம்பு ஒன்றை வைத்து இந்த இரகசியத்தை 1952-ல் விளக்கினார்கள் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேயர்கள். 1963-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவர்களும் உண்டு.

எல்லா நரம்பும் ஒரே வேகத்தில் செய்தி சொல்வதில்லை. கொழுப்பு உறை போர்த்த நரம்புகளில் செய்தி இடைவெளிக்கு இடைவெளி தாவிப் போகும். தொடு உணர்ச்சி இப்படி விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல்கூடப் பறக்கும். உறை இல்லாத வலி நரம்புகளிலோ விநாடிக்கு ஒரு மீட்டர்தான். மலையேறும் பஸ்ஸைவிட மெதுவு! வாசற்படியில் கால் இடித்தால், "இடித்துவிட்டது" என்று முதலில் தெரிந்து, "அம்மாடி!" என்ற விண்விண் வலி பின்னால் வருவது இதனால்தான்.

இந்தப் பாழும் வலி இல்லாமலே இருந்தால் என்ன என்று தோன்றும். அதற்குப் பதில் சொன்னவர், சேர்வராயன் மலைக்குத் தென்கிழக்கே உள்ள கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட். 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவர், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்துபோகின்றன என்று ஆராய்ந்தார். சதை தானாக அழுகி விழுகிறது என்றே அதுவரை பெரும்பாலோர் நம்பி வந்தார்கள். உண்மை வேறு. நோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது. வலிச் செய்தி வருவதில்லை. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள். ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள். தூங்கும்போது எலி விரலைக் கடித்ததுகூடத் தெரியாமல் கிடந்தவர்கள் உண்டு. அதற்காகவே நோயாளிகளுக்குப் பூனை கொடுத்துப் பார்த்தார் டாக்டர். மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து, மறுபடி வேலை செய்ய வைத்தார். ஆனால் போன வலியைத் திருப்பித் தர அவராலும் முடியவில்லை.

ஆகையால், சகோதரிகளே, வீட்டில் யாருக்காவது தோலில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் தோன்றி, அங்கே தொட்டாலும் கிள்ளினாலும் உணர்ச்சி இல்லையென்றால், "வலிக்கவில்லையே" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வலிக்காததுதான் அங்கே அபாயம். தொழுநோய்க்கு இன்று நல்ல மருந்து இருக்கிறது. அரசாங்க மருத்துவ நிலையங்களில் இலவசமாகவே தருகிறார்கள். நரம்பு கெடுமுன் போய்விட்டால் பூரண குணம். நீரிழிவும் கால் நரம்பை இப்படி மரக்கச் செய்யும். வீட்டுப் பெரியவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்தால், இரவு படுக்குமுன் அவர்களுடைய உள்ளங்காலை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவர்களுடைய நரம்பு சொல்லத் தவறியதை உங்கள் கண் சொல்லட்டும்.