பல் விழுவது வயதின் குற்றமல்ல



நாற்பதைத் தாண்டினால் பல் ஆடத்தானே செய்யும் என்று நமது லயங்களில் சொல்லாதவர் குறைவு. ஆனால் உலகமெங்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கும் ஓர் ஆய்வு, அது அப்படியல்ல என்கிறது. அந்த ஆய்வு நடந்தது நமது வாய்களில்தான்.

1970இல் பேராசிரியர் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களைப் பரிசோதித்தனர். 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தனர். பல் துலக்கும் பழக்கமோ, பல் வைத்தியமோ அவர்களுக்குக் கிடைத்ததில்லை. 1986இல் முடிவு வெளிவந்தது. 8 வீதமானோருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதில் பற்கள் எல்லாமே போயின. 81 வீதமானோர் அந்த வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். மீதி 11 வீதமானோருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது, பல் போகவில்லை. வயது மட்டுமே காரணமென்றால் இந்த வித்தியாசம் எப்படி வரும்? 2010இல் மீண்டும் தேடியபோது 75 பேரைத்தான் பரிசோதிக்க முடிந்தது.

அன்று அவர்களிடம் சொத்தைப் பல் மிகக் குறைவு. இன்று நமது வகுப்பறைகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளை வாயைத் திறந்தால் முன்பற்கள் கறுத்திருக்கின்றன. பிஸ்கட்டும் டொபியும் கடைக்கு வந்துவிட்டன. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடிப்பது நமது பழைய பழக்கம். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 12 தேக்கரண்டிச் சீனிக்கு மேல் கூடாது, அதில் பாதியானால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மூன்று கரண்டி வீதம் ஐந்து கோப்பை குடித்தால் நாமே கணக்குப் பார்க்கலாம்.

ஈறுக்கு வேறு கதை. பல்லடியில் படியும் அழுக்கில் வளரும் கிருமிதான் ஈறைப் புண்ணாக்குகிறது. அதைத் தாங்கி ஆற்றும் பலம் சாப்பாட்டிலிருந்து வரவேண்டும். விட்டமின் சீ மிகவும் குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். கொய்யா, நெல்லி, எலுமிச்சை, பச்சையாக அரிந்த வல்லாரைச் சம்பல் ஆகியவற்றில் அது உண்டு. கீரையை நெடுநேரம் அவித்தால் போய்விடும். இரும்புச்சத்துக் குறைந்தால் நாக்கு எரியும், வாயோரம் வெடிக்கும். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் பொறுக்கலாம். (தேயிலை பறிக்கும் நம்மிடமே இதைச் சொல்லவேண்டியிருக்கிறது!) நீரிழிவு உள்ளவருக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் நீரிழிவும் அடங்காது. இரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவதுதான் பெரிய தவறு.

வெற்றிலைக் கூட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கொழுந்து மலையில் பசியை அடக்க அது உதவுகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் தரும். இந்த நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான்.

வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள், இரவில் மிஞ்சிய ரொட்டியும் சோடாவும் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். வலி பொறுக்க முடியாமல் போனபிறகுதான் களுபோவில பெரியாஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். அரைநாள் சம்பளம் வெட்டப்படும் என்ற பயம் அதுவரை அவர்களைத் தடுக்கிறது. தோட்டத்திலும் இதே நிலைதான்.

முட்டையும் நெத்தலியும் பருப்பும் சாப்பிடுங்கள் என்று இந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சொல்வது எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. ஆகவே சம்பளப் பேச்சுவார்த்தையில் சாப்பாட்டுச் செலவைக் கணக்கோடு வைக்கவேண்டும். நடமாடும் பல் சிகிச்சைப் பிரிவு தோட்டப் பாடசாலைகளுக்கும் பிள்ளைக் காம்பராக்களுக்கும் ஒழுங்காக வரவேண்டும். கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் வெட்டக்கூடாது. லயத்தருகே மரக்கறி போட நிலம் வேண்டும்.

வாயில் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, வாய் திறக்கக் கஷ்டம் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குப் போங்கள். விடுமுறை மறுக்கப்பட்டால் திகதியைக் குறித்துத் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ அன்றே கொடுங்கள்.