கறளை மறைக்கும் பளபளப்பு

பழைய பொருளைப் பேணுதல் வேறு. அதன் மேனியை மினுக்குதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. இதற்கு நான் காட்டும் சான்று ஏட்டில் இல்லை. புறக்கோட்டைக்கு அண்மையில், மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையில் இருக்கின்றது.

1948 இல் பிரித்தானியாவில் தோன்றிய மொறிஸ் மைனர் நம் நாட்டுத் தெருக்களில் இன்னும் ஓடுகின்றது. 1956 இல் அதன் இரு துண்டு முன்கண்ணாடி வளைந்த ஒரே கண்ணாடியாயிற்று. இத்தகைய வண்டிகள் இங்கு நீண்ட ஆயுள் பெற்றமைக்கு இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் ஒரு காரணமாகும். 1960 களிலும் 1970 களிலும் நிலவிய அந்நெருக்கடி, 2020 இல் மீண்டும் வந்து 2025 வரை நீடித்தது. புதியது வாராத நாட்டில் பழையதைப் பழுதுபார்க்கும் கை வளர்ந்தது.

அக்கையின் திறத்தை அறிய ஒரு சிறு வேலையே போதும். அக்கால வண்டிகள் பலவற்றில் முன்கண்ணாடியைத் தாங்குவது ஒரு றப்பர்ச் சட்டம். அதன் ஒரு பள்ளம் கண்ணாடியையும், மற்றையது உடலின் தகட்டு விளிம்பையும் கவ்வும். மேலுள்ள மூன்றாவது பள்ளத்தில் இறுக்கிய பட்டையே ‘பீடிங்’. பார்ப்பவருக்கு அஃது அலங்காரம். உண்மையில், றப்பரை விரித்துக் கண்ணாடியை இறுக்குவதும் அதுவே.

அதனைக் கழற்றுவோன் பொருத்துவாயிலுள்ள மூடியை நீக்கி, மழுங்கிய மரத்துண்டால் நுனியைத் தூக்கி, மெல்ல மெல்ல உருவ வேண்டும். ஸ்குறூ ட்றைவரால் நெம்பினால் பட்டை வளையும், றப்பர் கிழியும், விளிம்பிற் பட்ட சிறு காயத்தால் கண்ணாடி முழுவதுமே நொறுங்கலாம். மீளப் பூட்டும்போது, கண்ணாடியைச் சூழ றப்பரை அணிவித்து, வெளிப் பள்ளத்தில் ஒரு நூற்கயிற்றை ஓடவிட்டு, சவர்க்கார நீர் பூசி, வெளியிலிருந்து பொருத்துவர். ஒருவர் வெளியே உள்ளங்கையால் அழுத்த, மற்றவர் உள்ளிருந்து கயிற்றை இழுக்க, றப்பரின் உதடு தகட்டின் மேல் ஏறி அமரும். பீடிங் இறுதியிலேயே ஏறும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒழுகுமிடத்தில் சிலிக்கன் பசையை அப்பிப் பீடிங்கைத் துடைத்துவிட்டாற் போதாதா என்பாருளர். போதாது என்பதே என் கருத்து. மழைநீரும், வெள்ளவத்தைக் கடற்காற்றின் உப்பும் றப்பரின் அடியில் தங்கித் தகட்டை அரிக்கின்றன. கழற்றினாலன்றி அக்கறள் கண்ணிற் படாது. பசையோ நீரின் வழியை மட்டும் அடைப்பதில்லை. அடுத்துக் கழற்ற வருபவனின் வழியையும் அடைத்துவிடுகின்றது.

பழைய கார் செல்வரின் விளையாட்டுப் பொருள். அதைப் பற்றி ஆசிரியரும் மாணவரும் கவலுவானேன் என்று சிலர் வினவக்கூடும். என் கவலை காரைப் பற்றியதன்று. சேதமின்றிக் கழற்றி, குறையறிந்து, மீளப் பூட்டும் அறிவு பழுதுபார்த்தல் அனைத்துக்கும் தாய். அவ்வறிவு ‘பாஸ்’மாரின் விரல்களில் உண்டு, தமிழ் எழுத்தில் அரிது. கராஜில் நிற்கும் பையன் கண்ணாற் கண்டே கற்கின்றான். கற்பிக்கும் கை ஓய்ந்தால் கற்றலும் ஓயும்.

எழுத இயலாதென்று சொல்வதற்கில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து நூல்களும் தந்தார். உடலின் நரம்பையும் எலும்பையும் தமிழாற் சொல்ல முடிந்ததென்றால், ஒரு றப்பர்ச் சட்டத்தைச் சொல்ல முடியாதா? 1893 இல் தோன்றிய மருதானைத் தொழில்நுட்பக் கல்லூரியும் பஞ்சிகாவத்தையும் அயலயலே இருக்கின்றன. ஏட்டுக் கல்விக்கும் கைத்தொழிலுக்கும் இடையே அவ்வளவு தூரமேனும் நாம் நடக்கலாகாதா?

தமிழாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். விடுமுறையில் மாணவரை ஒரு கராஜுக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை பார்த்து எழுதச் சொல்லுங்கள். கலைச்சொல் ஆக்கும் அவசரம் வேண்டாம். தொழிலாளி ‘பீடிங்’ என்றால் ‘பீடிங்’ என்றே எழுதட்டும். எந்த விரல் எங்கே அழுத்தியது, எது முதலில் கழன்றது, எது கடைசியில் ஏறியது என்பதைப் பிழையின்றிச் சொல்லும் ஒரு பக்கம், வருணனை நிறைந்த பத்துக் கட்டுரைகளிலும் மேலான மொழிப்பயிற்சியாகும். அப்பக்கத்தை எழுதியவரிடமே வாங்கி, அந்தப் பாஸுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். திருத்தம் அவர் சொல்லட்டும்.