நல்ல கடை எது சார்?



பணி ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. புணர்ச்சி விதியில் சந்தேகம் என்று இப்போது யாரும் என்னைக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கேள்வி வாரம் ஒன்றாவது வந்துவிடுகிறது. "சார், மதுரைக்கு வர்றோம், நல்ல கடை எது சார்?" பெங்களூரில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் குடும்பத்தோடு குற்றாலம் போகிறானாம். போன வாரம் கேட்டான். அதற்கு முன்னால் சென்னையிலிருந்து என் மதினி மகள் கேட்டாள். இரண்டு பேருக்கும் "யோசித்துச் சொல்கிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். சாப்பாட்டுக் கடை சொல்ல இந்த மனுஷன் ஏன் இவ்வளவு யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள், நடுவில் கடைகளும் வரும்.

என்னிடம் படித்தவர்களுக்கு ஆற்றுப்படை ஞாபகம் இருக்கும். பத்துப்பாட்டில் சரிபாதி அதுதான். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கலைஞன், வழியில் வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனைப் பார்த்து, "நீயும் அங்கே போ, இந்த வழியாகப் போ, வழியில் இன்னின்ன சாப்பாடு கிடைக்கும்" என்று சொல்வது. சிறுபாணாற்றுப்படையைப் பாருங்கள். எயிற்பட்டினத்துக்குப் போனால் சுட்ட மீன், வேலூரில் புளிங்கறியோடு சோறு, ஆமூரில் நண்டுக் கறியோடு கைக்குத்தல் அரிசிச் சோறு என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போவார் நல்லூர் நத்தத்தனார். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில், மதியச் சாப்பாட்டுக்கு முந்திய பீரியடில் இதை நடத்தியபோது கடைசி பெஞ்சிலிருந்து "பசிக்குது ஐயா" என்று ஒரு குரல் வந்தது. யார் என்று எனக்குத் தெரியும். அவன் இப்போது துணை வட்டாட்சியர்.

ஆக, சக பயணிக்குச் சாப்பிட இடம் சொல்வது நமக்குப் புதிதில்லை. ஆனால் அந்தப் புலவர்கள் ஒரு ஒழுங்கோடு சொன்னார்கள். பெற்றவன்தான் பெறாதவனுக்குச் சொல்லலாம் என்பது ஆற்றுப்படையின் இலக்கணம். போகாதவன், கேள்விப்பட்டவன் சொல்ல முடியாது. வழியைச் சொல்ல வேண்டும். எங்கே எது கிடைக்கும் என்றும் சொல்ல வேண்டும். "அங்கே எல்லாமே சூப்பர்" என்று எந்தப் பாணனும் சொல்லவில்லை.

இந்த மூன்றிலும் நான் தவறியிருக்கிறேன்.

முதல் தவறு. என்னோடு வேலை பார்த்த கணித ஆசிரியர் குடும்பத்தோடு வெளியூர் போனபோது, வழியில் ஒரு ஓட்டலை அடித்துச் சொன்னேன். "கண்ணை மூடிக்கிட்டுப் போங்க" என்றேன். நான் அங்கே கடைசியாகச் சாப்பிட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலாளி மாறி, மாஸ்டரும் மாறிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. அவர் பேத்திக்கு அன்று ராத்திரியே வயிற்றுப்போக்கு. கோயிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினார்கள். அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு என்னிடம் கடை கேட்டதும் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கடையைச் சொன்னாலும் கடைசியாக எப்போது சாப்பிட்டேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். நீங்களும் சொல்லுங்கள்.

இரண்டாவது, நேரம். நம் பக்கத்துச் சாப்பாட்டில் பாதி ருசி நேரத்தில்தான் இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா எல்லோருக்கும் தெரியும். நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே. ஆனால் அது சாயங்காலம் திறந்து, போட்ட அல்வா தீர்ந்ததும் மூடுகிற கடை என்பதைச் சொல்லாமல் விட்டால், காலையில் போனவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அதே பெயரை ஒட்டினாற்போல் பலகை வைத்திருக்கும் வேறொரு கடையில் வாங்கிக்கொண்டு வந்து, "என்ன சார், அல்வா அவ்வளவு ஒண்ணும் இல்லையே" என்பார். மதுரையும் அப்படித்தான். அல்லங்காடி என்று இரவுக் கடைத்தெருவை மதுரைக்காஞ்சி பாடிய ஊர் இது. இட்லிக்கும் பரோட்டாவுக்கும் மதுரைக்கு வருகிறவர்கள் ராத்திரி வாருங்கள்.

மூன்றாவது, பண்டம். கடையின் பெயரை மட்டும் சொல்வது பாதிப் பதில்தான். சிம்மக்கல் கோனார் கடை என்றால் கறி தோசை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மேலச்சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை என்றால் வெள்ளையப்பம். விளக்குத்தூண் என்றால் ஜிகர்தண்டா. அத்தையும் மாமாவும் கூட வருகிறார்கள் என்றால் பாலும் சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த அந்த டம்ளரில் எவ்வளவு சர்க்கரை என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. விருதுநகர் எண்ணெய் பரோட்டா பேருக்கு ஏற்றபடி எண்ணெயில் பொரித்து எடுப்பது. இதய டாக்டரிடம் போகிறவர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' பலகைகள் நிற்கின்றன. பித்தளை டபரா மட்டும் கும்பகோணத்தை ஞாபகப்படுத்தும். சில இடங்களில் காபி நன்றாகவே இருக்கும். பலகையைப் பார்த்து நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன விஷயம். நான் யோசிப்பதற்கு உண்மையான காரணம் வேறு.

நான் கடைசியாக வேலை பார்த்த ஊரில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒரு மெஸ் உண்டு. ஊர்ப்பெயரை இனி எழுத மாட்டேன், ஏன் என்று கீழே தெரியும். நான்கு பெஞ்சு, பதினாறு பேர் உட்காரலாம். ஒரு அக்கா நடத்துகிறார். என்னைவிட வயதில் சிறியவர்தான், ஆனாலும் ஊருக்கே அக்கா. சாப்பாடு 60 ரூபாய். புதன்கிழமை மட்டும் அயிரை மீன் குழம்பு. லோடுமேன்கள், பஸ் கண்டக்டர்கள், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், வீட்டில் சமைக்க ஆளில்லாத சில பெரியவர்கள், இவர்கள்தான் வாடிக்கை. லோடுமேன்களுக்கு நோட்டுக் கணக்கு, சனிக்கிழமை கூலி வந்ததும் தீர்ப்பார்கள். எனக்கும் ஒன்பது வருடம் அங்கேதான் மதியச் சாப்பாடு.

போன வருடம், நன்றிக்கடன் என்று நினைத்து, அந்த மெஸ்ஸைப் பற்றி இதே பக்கத்தில் எழுதினேன். மீன் குழம்பைப் படம் எடுத்துப் போட்டேன். வழி தெரியாமல் யாரும் திண்டாடக் கூடாது என்று லொகேஷனையும் சேர்த்துப் போட்டேன். நீங்கள்தான் பகிர்ந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, பகிரச் சொன்னதே நான்தான். அதைப் பார்த்து யாரோ இரண்டு பேர் வந்து வீடியோவும் எடுத்துப் போட்டார்களாம்.

ஒரு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை போனேன். சந்துக்குள் கார் நிற்கிறது. மணி ஒன்று பத்து, சாப்பாடு முடிந்துவிட்டது. இரண்டு லாரி சிமென்ட் மூட்டையை இறக்கிவிட்டு ஒன்றரை மணிக்கு வந்த ஆட்கள், காலிச் சட்டியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், நீங்க நல்லது நெனச்சுத்தான் எழுதுனீங்க. நம்ம ஆளுங்கதான் நாலு நாளா பட்டினியா திரும்பிப் போறாங்க."

கூட்டம் வருகிறதே என்று மகளிர் குழுவில் கடன் வாங்கி ஒரு பெரிய பிரிட்ஜும் கிரைண்டரும் வாங்கினார். உதவிக்கு ஒரு ஆள் போட்டார். சாப்பாடு 80 ரூபாய் ஆயிற்று. பதினாறு பேருக்குச் சமைத்த கை அறுபது பேருக்குச் சமைக்கும்போது குழம்பு முன்போல் இல்லை என்பது உண்மைதான், நானே சாப்பிட்டேன். அப்புறம் வந்தது ஒற்றை நட்சத்திரம். பார்க்கிங் இல்லை, ஏசி இல்லை, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை என்று யாரோ எழுதியிருந்தார்கள். அவர் மகன் அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். அவர் என்னிடம் கேட்டார், "சார், ஏசி இருக்குன்னு நான் எப்ப சார் சொன்னேன்?"

முப்பத்தொரு வருடம் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் சொன்ன எனக்கு, அதற்கு ஒரு பதிலும் வரவில்லை.

மூன்று மாதத்தில் காரில் வந்தவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அதற்குள் லோடுமேன்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கடன் மட்டும் நின்றது. நான் அந்தப் பதிவை எடுத்துவிட்டேன். தெரிந்த ஆட்களிடம் நானே போய்ச் சொல்லி நாலைந்து பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். தவணை இன்னும் ஓடுகிறது. 80 ரூபாய் 60-க்கு இறங்கவில்லை.

இதை ஒரு மாணவனிடம் சொன்னபோது, "சார், கூட்டம் வர்றது கடைக்கு நல்லதுதானே? சமாளிக்கத் தெரியலைன்னா அது உங்க தப்பா?" என்று கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. கொரோனா ஊரடங்கு முடிந்த சமயம் வாட்ஸ்அப்பில் நாலு பேர் சொன்னதால் பிழைத்துக்கொண்ட கடைகளை நானும் பார்த்திருக்கிறேன். வாயால் சொல்லித்தான் நம் ஊர்க் கடைகள் வளர்ந்தன. ஆகவே யாரும் எதையும் சிபாரிசு செய்யாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. எந்த இடத்துக்கு எவ்வளவு பேரை அனுப்புகிறோம் என்று பார்க்க வேண்டும் என்கிறேன்.

ஆற்றுப்படைக்கே திரும்பி வருகிறேன். பாணன் யாரிடம் ஆற்றுப்படுத்தினான்? நல்லியக்கோடனிடம், இளந்திரையனிடம். எத்தனை பேர் போனாலும் அள்ளிக் கொடுக்கிற அரசர்களின் வாசலுக்கு. வழியில் சோறு போட்டவை சாதாரண வீடுகள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் அங்கே போய்ச் சேர்ந்தது ஒரு பாணனும் அவன் சுற்றமும். நான் அனுப்பியது ஒரு மாவட்டத்தை. பதினாறு பேர் உட்காரும் பெஞ்சை அரண்மனை வாசல் என்று நினைத்துக்கொண்டது என் தவறு.

ஆகவே எனக்கு நானே சில விதிகள் வைத்திருக்கிறேன். பெரிய கடைகளை, ஏற்கெனவே பேர் பெற்ற கடைகளை எல்லோரும் பார்க்கிற இடத்தில் தாராளமாக எழுதுவேன். நூறு பேர் கூடுதலாக வந்தாலும் அவர்கள் தாங்குவார்கள். சின்னக் கடை என்றால் முதலில் கடைக்காரரிடம் கேட்பேன், "எழுதட்டுமா?" என்று. சரி என்றால் எழுதுவேன். வேண்டாம் என்றால், என்னிடம் தனியாகக் கேட்கிறவருக்கு மட்டும் சொல்வேன். சொல்லும்போது கூடவே சொல்வேன்: இத்தனை மணிக்குப் போ, ஏசி கிடையாது, கைகழுவ வாசலில் டிரம், பத்துப் பேராகப் போகாதே, முந்தின நாள் போன் செய்துவிட்டுப் போ, குறை இருந்தால் அவரிடமே நேரில் சொல். போகிறவரிடம் கடையைப் பற்றி உண்மையைச் சொன்னால், கடைக்காரருக்கும் வருகிறவரால் மனக்கஷ்டம் வராது.

இனி, கேட்ட இரண்டு பேருக்கும் பதில்.

தம்பி, மதுரையிலிருந்து குற்றாலத்துக்கு ராஜபாளையம் வழியாகப் போனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிறுத்தி பால்கோவா வாங்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். ஆண்டாள் கோயில் பக்கம் கடைகள் நிறைய, கொஞ்சம் ருசி பார்த்துவிட்டு வாங்கு. செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டர் பரோட்டா கடைக்குச் சீசன் நாளில் போவதானால் பசி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நில், கூட்டம் அப்படி இருக்கும். கோவில்பட்டி வழியாகப் போகிற மாதிரி இருந்தால் சாத்தூரில் காராச்சேவு, கோவில்பட்டியில் கடலை மிட்டாய். திரும்பி வரும்போது எனக்கும் கால் கிலோ.

மதினி மகளே, மதுரையில் கறி தோசையும் ஜிகர்தண்டாவும் மேலே சொல்லிவிட்டேன். மூன்றாவது ஒரு இடம் இருக்கிறது, மதுரையிலிருந்து கொஞ்சம் தள்ளி. புதன்கிழமையாகப் பார்த்து வா. உன் வீட்டுக்காரரும் நீயும் மட்டும். நான் முதல் நாளே அக்காவிடம் சொல்லி வைக்கிறேன். ஒன்றரை மணிக்கு மேல் போவோம், லோடுமேன்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு. மீன் மிச்சமிருந்தால் மீன் குழம்பு, இல்லாவிட்டால் ரசம். அங்கே போட்டோ மட்டும் எடுக்காதே.

அன்புடன்,
உங்கள் தமிழ் ஐயா