முதுமையில் இடுப்பெலும்பு முறிவு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் பலர், ஊரில் தனித்திருந்த பெற்றோரைத் தம்முடன் அழைத்து வந்து பேணுகின்றனர். போற்றத்தக்க செயலே. ஆயின், வழவழப்பான தரையுடைய அடுக்குமாடி வீட்டில் முதியவர் ஒருவர் விழுந்துவிட்டால் செய்ய வேண்டுவது யாது என்பதை நாம் முன்கூட்டிச் சிந்திப்பதில்லை. ஆதலின் இத்திங்கள் அதுகுறித்து எழுதலானோம்.

வயது ஏற ஏற, சிறப்பாகப் பெண்டிர்க்கு, எலும்பு உள்ளே சல்லடை போலாகி வலுவிழக்கின்றது. எலும்புப்புரை என்பது இதுவே. அத்தகையோர் நின்ற நிலையில் விழுந்தாலும் இடுப்பருகே தொடையெலும்பு முறியக்கூடும். விழுந்தவர் எழ இயலாமல் தொடை இடுக்கில் வலியுற்று, ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பிக் கிடப்பின், நடத்திப் பார்த்தல் கூடாது. படுத்த நிலையிலேயே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

"எண்பது வயதில் கத்தி எதற்கு? கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் கூடிவிடாதா?" என்று கேட்போர் உளர். கையெலும்பு கட்டினால் கூடும். தொடையெலும்பின் கழுத்து அத்தகையதன்று. பந்து போன்ற அதன் தலைக்குக் குருதி செல்லும் குழாய்கள் பெரும்பாலும் அக்கழுத்தை ஒட்டியே செல்கின்றன. எலும்பு விலகி முறிந்தால் அவையும் சிதைந்து, தலைப்பகுதி உயிரிழக்கக்கூடும். ஆதலின் அதனை அகற்றி உலோகத்தாலான தலையைப் பொருத்துகின்றனர். நன்கு நடமாடி வந்தோர்க்குக் கிண்ணத்தையும் சேர்த்து மூட்டு முழுவதையுமே மாற்றுவதுண்டு. 1962-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் செம்மைப்படுத்திய முறையே இன்றைய முழுமூட்டு மாற்றத்திற்கு அடிப்படை. முறிவு கழுத்திற்குக் கீழே இருப்பின், பெரும்பாலும் மூட்டை மாற்றாமல் கம்பியோ திருகாணியோ இட்டு நிறுத்துவர்.

அறுவையில் இடர் இல்லை என்று நாம் கூறவில்லை. சீழ் பிடித்தலும் மூட்டு நழுவலும் உண்டு. பழைய நடையை முற்றும் பெறாதோரும் உளர். எனினும் பெரிதும் அஞ்சத்தக்கது கத்தியன்று, படுக்கையே. நாட்கணக்கில் அசையாது கிடப்பதால் நுரையீரலில் சளி கட்டும். காலில் குருதி உறையும். முதுகில் புண் வரும். ஆகவே, இயன்றவரை இரண்டு நாட்களுக்குள் அறுவை முடிவதும், மறுநாளே பிடித்து நிற்க வைப்பதும் நன்று. ஊரிலிருந்து தமையனார் வரட்டும், நல்ல நாள் பார்ப்போம் என்று காலம் தாழ்த்துதல் தீங்காகும்.

நம்மவர்க்கே உரிய இடர் மற்றொன்றுண்டு. அறுவைக்குப் பின் முதியோர்க்குச் சில நாள் சித்தம் கலங்குதல் இயல்பு. தமிழன்றிப் பிறமொழி அறியாத அன்னையார், தாதியர் பேசுவது விளங்காமல் மேலும் கலங்குவார். வலியையும் தாகத்தையும் சொல்ல வழியறியார். பழகிய குரல் அருகில் ஒலிப்பதும், மூக்குக்கண்ணாடியும் காதுக்கருவியும் உடனிருப்பதும் மருந்துக்கு நிகரான துணை. அலுவல் பார்க்கும் மகனும் மருமகளும் இரவு பகலாக இருத்தல் அரிது. சங்கத்தார் முறைவைத்து உடனிருப்பின், அதனினும் சிறந்த தொண்டு யாது?

வீடு திரும்பியபின் சம்மணமிடுதல், குந்துதல், தாழ்ந்த மணையில் அமர்தல் ஆகியவற்றை மருத்துவர் விடை தரும்வரை தவிர்க்க வேண்டும். குளியலறையில் கைப்பிடியும், இரவில் சிறு விளக்கும் அமைத்தல் நலம். ஒரு புறம் முறிந்தவர்க்கு மறுபுறமும் முறியலாம்; ஆதலின் எலும்புப்புரைக்கான மருந்தைக் கேட்டுப் பெறுதல் இன்றியமையாதது.

செலவு குறித்தும் ஒரு சொல். 2024 அக்டோபர் 29 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டம், 70 வயது நிறைந்தோர்க்கு வருமான வரம்பின்றி, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பு அளிக்கின்றது. தங்கள் மாநிலத்தில் அது நடைமுறையில் உள்ளதா, அருகிலுள்ள எம்மருத்துவமனை அதில் சேர்ந்துள்ளது என்பதை உசாவி, அட்டையை இப்பொழுதே பெற்று வைத்தல் அறிவுடைமை. விழுந்த நாளன்று அதற்குப் பொழுதிராது.